இரண்டு காற்புள்ளிகள்

வின்னிபெக்கில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே காற்று வறண்டு
தாளும் தாளும் ஒட்டிக்கொள்ளும் பருவம்.
விசிறி உதறி அடுக்க வேண்டும், தவறினால்
ஒருவர் கடிதம் இன்னொருவர் உறைக்குள் போய்விடும்.

போன வருஷம் வில்மர் ஃப்ரீசனுக்கு அப்படித்தான் ஆனது.
ஒரே ஒரு உறை.
யாரோ ஒருத்தியின் சர்க்கரை அளவு
முன்பின் தெரியாத ஒருவரின் தபால்பெட்டியில்.
சுவரில் விதி ஒட்டியிருக்கிறது, எங்கள் எல்லோர் கையெழுத்தோடும்:
முதல் தடவை எச்சரிக்கை
இரண்டாம் தடவை ஒரு வாரச் சம்பளம்
மூன்றாம் தடவை வாசல்.
வில்மருக்கு அது மூன்றாவது.
பூட்ஸை மாட்டிக்கொண்டு பேசாமல் போனார்.
சரிதான் என்று நானும் நினைத்தேன்.
ஒருத்தியின் ரத்தம், அவளுக்கே தெரியாமல்,
இன்னொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்திருக்கிறது.

இன்று இயந்திரத்தில் ஓடுவது
பிரெய்ரிகேட் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம்.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கு.
ஆறு வருஷத்தில் நான்காவது.

உங்கள் தகவல்களின் பாதுகாப்பை
மிகத் தீவிரமாகக் கருதும் நாங்கள்
மனப்பூர்வமாக,, வருந்துகிறோம்.

எண்ணிப் பாருங்கள், இரண்டு காற்புள்ளி.
முதல் கடிதத்தில் யார் விரலோ தடுக்கி விழுந்தது.
இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும்.
தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள்.
இத்தனூண்டு புள்ளியைக் கண்ணில் காணாதவர்கள்
எந்தக் கதவைப் பார்த்துப் பூட்டியிருப்பார்கள்?

இரண்டே காலுக்கு மூன்றாம் லைன் நின்றது.
சிவப்புப் பொத்தானில் ஒடெட் ரிவாரின் கை.
இன்னொரு கையில் அவள் பெயருக்கே வந்த கடிதம்,
கீழே அவளுடைய புது விலாசம்.
மூன்று முறை வீடு மாறியவள். அம்மாவுக்குக்கூடச் சொல்லாதது.
பையனின் இன்ஹேலருக்காக
காப்பீட்டுக்காரர்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தது.

"திருடினவன் கையில் இருப்பதும் இதே பட்டியல்தானே?"

இரண்டு காப்பி விலைக்கு
யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கேள்வி.
அந்த யார் வேண்டுமானாலும்
என்பவனுக்கு அவளிடம் ஒரு பெயர் உண்டு.
சொல்ல மாட்டாள். கழுத்தை மட்டும் தொட்டுக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார்.
"லைன் நின்றால் நிமிஷத்துக்கு நாற்பது டாலர்."
"சரி. எனக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு?"
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மே மாதம் அவள் பிரெய்ரிகேட்டில் ஒரு பங்கு வாங்கினாள்.
ஒன்றே ஒன்று. அதற்கு ஹோட்டல் மண்டபத்தில் ஒரு நாற்காலி,
மைக் முன்னால் இரண்டு நிமிஷம்.
எங்கள் சுவரின் மூன்று வரிகளை வாசித்தாள்.
"இதை உங்கள் சுவரிலும் ஒட்டுவீர்களா?
உங்களுக்கு இது நான்காவது."

தலைவர் தண்ணீர் குடித்தார்.
"மனப்பூர்வமாக" என்றார்.
நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் நிறுத்தினார்.
"வருந்துகிறோம்."

"இரண்டு காற்புள்ளியையும் வாசித்துவிட்டீர்கள்" என்றாள் ஒடெட்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
மேலாளர்களின் ஊக்கத்தொகை
தொண்ணூற்று நான்கு சதவீத ஆதரவோடு நிறைவேறியது.
எதிர்த்து விழுந்ததில் ஒரு ஓட்டு அவளுடையது.

அபராதம்கூடக் கட்டினார்களாம்.
அடுத்த மாதப் பிரீமியம் மூன்று டாலர் ஏறியது.
பொறு என்ற ஒரே வேரிலிருந்து வந்தவைதான்
பொறுப்பும் பொறுமையும்.
பாகம் பிரித்தபோது
பொறுமை முழுவதும் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

நவம்பர். மறுபடியும் தாள்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன.
மூன்றாம் லைனில் ஒரு புதுப்பெண்;
ஒடெட் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது,
தெரிந்தாலும் எழுதமாட்டேன்.
ஐந்தாவது கடிதம் வந்திருக்கிறது.
விசிறி உதறி அடுக்கும்போது
முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

திருத்தியிருக்கிறார்கள்.
ஒரே ஒரு காற்புள்ளிதான்.